“உம் சித்தம் ஆகட்டும்” என்று சொல்ல நாக்கு வரவில்லை

கேள்வி:

ஐயா, எனக்கு 41 வயது. திருவட்டாறு பக்கம் எங்கள் ஊர். பிறந்ததும் கல்யாணமாகி வந்ததும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைதான். கணவர் சவுதியில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தார். பிரஷர் இருந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். ஊருக்கு வந்த பிறகு இரண்டு கிட்னியும் செயலிழந்துவிட்டது என்றார்கள். இப்போது செவ்வாய், வியாழன், சனி ஆசாரிபள்ளத்தில் டயாலிசிஸ். நான் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போய்விட்டு வந்து, அவரைப் பஸ்ஸில் கூட்டிப் போகிறேன். மகன் பிளஸ் டூ, மகள் எட்டாம் வகுப்பு.

என் மாமியார் இப்போது ஒரு ஜெபவீட்டுக்குப் போகிறார்கள். அங்குள்ள சகோதரர் வீட்டுக்கு வந்து, “மெஷினை நம்புகிறவரைக்கும் தேவன் கிரியை செய்யமாட்டார், நீங்கள் முழுசாய் ஒப்புக்கொடுக்கவில்லை, அறிக்கை செய்யாத பாவம் ஏதோ இந்த வீட்டில் இருக்கிறது” என்றார். அதிலிருந்து என் கணவர் இரண்டு தடவை டயாலிசிஸுக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். “கர்த்தர் சித்தம்போல நடக்கட்டும்” என்று சொல்லிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார். இரண்டாவது தடவை ராத்திரியில் மூச்சு முட்டி ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம்.

மாமியாரும் நாத்தனாரும் நான்தான் கிட்னி கொடுக்கவேண்டும் என்கிறார்கள். “உன்னை இந்த வீட்டுக்குக் கர்த்தர் கொண்டுவந்ததே இதற்குத்தான், இதுதான் தேவ சித்தம்” என்கிறார்கள் மாமியார். கொடுக்கமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது.

எனக்குப் பெரிய பிரச்சினை வேறே. ராத்திரி முழங்காலில் நின்றால் “உம்முடைய சித்தம் ஆகட்டும்” என்று சொல்ல நாக்கு வரவில்லை. சொன்னாலும் உள்ளே கோபம்தான் இருக்கிறது. அப்படியானால் என் ஜெபம் பொய்யா? நான் விசுவாசம் இல்லாதவளா? இதில் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சாட்சி சொல்லவும் கேட்கிறார்கள். நான் என்ன சொல்வேன்?

(பெயர் வேண்டாம், ஐயா)

பதில்: மருத்துவமனைப் போதகர், ஆற்றுப்படுத்துநர்

அன்புச் சகோதரிக்கு,

கடைசியாக எழுதியதைத்தான் பெரிய பிரச்சினை என்கிறீர்கள். நானும் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். ஆனால் இரண்டு தடவை டயாலிசிஸ் விட்டுப்போனது என்று நடுவில் எழுதியிருக்கிறீர்களே, அது காத்திருக்காது. முதலில் அதை முடித்துவிடுவோம்.

டயாலிசிஸ் தவறினால் உடம்பில் தண்ணீர் சேர்ந்து நுரையீரலில் தேங்குகிறது. அன்று ராத்திரி மூச்சு முட்டியது பெரும்பாலும் அதனால்தான் இருக்கும். அதைவிட மோசமானது வெளியே தெரியாது: ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். அளவு மீறி ஏறினால், ஒரு அறிகுறியும் காட்டாமல் இதயம் நின்றுபோகலாம். நான் டாக்டர் இல்லை. நோயாளிகளோடு பேசவும் ஜெபிக்கவும் மருத்துவமனையில் இருக்கிறவன். ஆனால் டயாலிசிஸ் வார்டில் கொஞ்ச நாள் நின்றவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். அடுத்த முறை போகும்போது, வராமல்போன காரணத்தை அங்குள்ள டாக்டரிடமோ நர்ஸிடமோ உள்ளபடி சொல்லுங்கள். பஸ் கிடைக்கவில்லை என்று மழுப்பவேண்டாம்.

அப்புறம், நலம் விசாரிக்க வருகிறவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நம் ஊரில் நோயாளியைப் பார்க்கப் போனால் ஏத்தம்பழம், இல்லாவிட்டால் இளநீர். இரண்டிலுமே பொட்டாசியம் அதிகம். அன்பாய்க் கொண்டுவருவதை வாங்கி வையுங்கள், பிள்ளைகள் சாப்பிடட்டும். மரச்சீனிக் கிழங்கும் கருவாடும் எவ்வளவு ஆகலாம் என்று மருத்துவமனையின் உணவு ஆலோசகரிடமே கேளுங்கள். அவர்கள் கொடுக்கிற அச்சடித்த தாளில் பல நேரம் ஆப்பிளும் ஓட்ஸும்தான் இருக்கும். நம் வீட்டு அடுப்பில் வேகுவதைச் சொல்லிக் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

உங்கள் கணவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு “கர்த்தர் சித்தம்போல நடக்கட்டும்” என்பதை ஒப்புக்கொடுத்தல் என்று நான் உடனே எடுத்துக்கொள்ளமாட்டேன். சம்பாதித்து வீட்டைத் தாங்கின மனிதர். இப்போது மனைவி பால் வெட்டின காசில் பஸ் ஏறுகிறார். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம் போல ஊசி குத்தின கையை அசைக்காமல் படுத்திருக்கிறார். இப்படிப்பட்டவர்களுக்கு மனச்சோர்வு வருவது மிகச் சாதாரணம். நம் கிறிஸ்தவ வீடுகளில் அது பெரும்பாலும் பக்தியான வார்த்தையைப் போர்த்திக்கொண்டுதான் வரும். “நான் இருந்து என்ன பிரயோஜனம்” என்று சொன்னால் நாம் பதறிவிடுவோம். “கர்த்தர் சித்தம்” என்றால் ஆமென் சொல்லிவிடுவோம்.

ஆகவே நேரடியாகக் கேட்டுவிடுங்கள். பிள்ளைகள் இல்லாத நேரம் பார்த்து, “இனி இருக்கவே வேண்டாம்னு தோணுதா?” என்று கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஏற்கெனவே இருந்தால், ஒருவர் கேட்டதே பாரத்தைக் கொஞ்சம் இறக்கும். ஆமாம் என்று சொன்னாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ, அன்றைக்கே டயாலிசிஸ் டாக்டரிடம் சொல்லி மனநல மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். ராத்திரியில் பயமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அது அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். கட்டணம் கிடையாது.

டயாலிசிஸை நிறுத்துவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. உடம்பு இனி தாங்காது என்ற நிலை வந்தால், நோயாளியும் குடும்பமும் டாக்டரும் உட்கார்ந்து பேசி, வலியில்லாமல் பார்த்துக்கொள்ள வழி செய்துவிட்டு நிறுத்துவது உண்டு. அது தெளிந்த புத்தியோடு, எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு எடுக்கிற முடிவு. உங்கள் வீட்டில் நடந்தது அது இல்லை.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த இன்னொருவர் வேதத்தில் இருக்கிறார், எசேக்கியா ராஜா. பிழைக்கமாட்டீர் என்று ஏசாயா தீர்க்கதரிசியே வந்து சொன்னபோது, அவர் முகத்தைச் சுவர்ப்புறமாகத் திருப்பிக்கொண்டார். திருப்பிக்கொண்டு “சரி, உம் சித்தம்” என்று சொல்லவில்லை. விண்ணப்பம்பண்ணினார், மிகவும் அழுதார். தேவன் 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார். வாக்குத்தத்தம் வந்த பிறகு அதே ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்கிறார். அதைப் பிளவையின்மேல் பற்றுப்போட்டார்கள், ராஜா பிழைத்தார். இது 2 இராஜாக்கள் 20-ம் அதிகாரம். குணமாக்குவேன் என்று தேவன் சொல்லியாயிற்று, பிறகு அடை எதற்கு என்று யாரும் கேட்டதாக அங்கே எழுதவில்லை. மருந்தை நம்பினால் தேவன் கிரியை செய்யமாட்டார் என்கிறவர்கள் இந்த அதிகாரத்தை வாசித்துவிட்டுப் பேசட்டும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒருவர் அப்படிப் போதிப்பதுதான் எனக்கு அதிக வருத்தம். நெய்யூரில் 1838-ல் டாக்டர் ராம்சே தொடங்கிய மருத்துவ ஊழியத்திலிருந்து, நாகர்கோவிலில் இரட்சணிய சேனையின் காதரின் பூத் ஆஸ்பத்திரி வரை, சபையும் ஆஸ்பத்திரியும் சேர்ந்தே வளர்ந்த மண் இது. எவரெஸ்ட் ஏறப் போன ஆங்கிலேய டாக்டர் சோமர்வெல் 1920-களில் நெய்யூருக்கு வந்தவர், இங்கேயே அறுவை சிகிச்சை செய்துகொண்டு வருஷக்கணக்கில் தங்கிவிட்டார். அவர்கள் எல்லாரும் விசுவாசக் குறைவால்தான் கத்தியைக் கையில் எடுத்தார்களா?

பாவம் பற்றின பேச்சுக்கு நீண்ட பதில் தேவையில்லை. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, “அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல” என்றார் ஆண்டவர். உங்கள் கணவருக்கு இருந்தது பிரஷர். வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் விசுவாசிக்கும் கிட்னி கெடும், அவிசுவாசிக்கும் கெடும்.

இதை வைத்துக்கொண்டு அந்தச் சகோதரரோடு வாதாடப் போகாதீர்கள், மாமியாரோடும் வேண்டாம். அவர்கள் மகனைச் சாகக் கொடுக்கப் பயந்து ஓடுகிற தாய். உங்கள் சேகர ஆயரை, அதாவது உங்கள் சபைப் போதகரை, ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். மாமியார் பக்கத்தில் இருக்க, உங்கள் கணவர் தலையில் கை வைத்து ஜெபித்து, மறுநாள் டயாலிசிஸுக்கு அவரே அனுப்பிவைக்கட்டும். நாம் பத்து நாள் பேசி நடக்காதது அதில் நடக்கும் என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் ஜெபம்.

நாக்கு வரவில்லை என்று எழுதினீர்கள். பிடிபடுகிற ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவருக்கும் அது முதல் வார்த்தையாக வரவில்லை. மத்தேயு 26-ஐ எடுத்து, மூன்று ஜெபத்தையும் நிதானமாக வாசித்துப் பாருங்கள். முதல் ஜெபம், “என் பிதாவே, இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்” என்றுதான் தொடங்குகிறது. பாத்திரம் என்றால் அவர் படப்போகிற பாடு. எனக்கு இது வேண்டாம் என்பது முன்னால் வருகிறது, “ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல” என்பது பின்னால். அதற்கும் முன்னால் சீஷர்களிடம், “என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது, நீங்கள் இங்கே தங்கி, என்னோடேகூட விழித்திருங்கள்” என்கிறார். தேவகுமாரனுக்கே அன்றைக்குத் தனியாக இருக்க முடியவில்லை.

பிறகு எழுந்து போய்ப் பார்க்கிறார், கூட்டிப்போன மூன்று சீஷர்களும் தூங்குகிறார்கள். திரும்பி வந்து இரண்டாம் தரம் ஜெபிக்கிறார். இந்தத் தடவை வார்த்தை மாறியிருக்கிறது: “இந்தப் பாத்திரத்தில் நான் பானம்பண்ணினாலொழிய இது என்னைவிட்டு நீங்கக்கூடாதாகில், உம்முடைய சித்தத்தின்படி ஆகக்கடவது.” முதல் ஜெபத்தில் நீங்கும்படி செய்யும் என்று கேட்டவர், இரண்டாவதில் நீங்காது என்றால் என்ன என்பதை எதிர்கொள்கிறார். நடுவில் அவர் தரையில் முகங்குப்புற விழுந்திருக்கிறார், வியர்த்திருக்கிறார், நண்பர்கள் கைவிட்டதைப் பார்த்திருக்கிறார். மூன்றாம் தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபிக்கிறார். நாம் ஆலயத்தில் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற அந்த வாக்கியத்துக்கு வந்துசேர அவருக்கு அந்த ராத்திரியில் அவ்வளவு நேரம் ஆனது. உங்களுக்குச் சில மாதம் ஆகும், சில வருஷமும் ஆகலாம்.

அதனால் இன்று ராத்திரி நீங்கள் செய்யவேண்டியது இவ்வளவுதான். “கர்த்தாவே, எனக்கு இவர் வேணும்” என்று சொல்லுங்கள். என் பிள்ளைகளுக்கு அப்பா வேணும், என்னால் முடியவில்லை, எனக்கு உம்மேல் கோபமாய் இருக்கிறது என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்திவிடுங்கள். “ஆனாலும் உம் சித்தம்” என்று பயந்துபோய் ஒட்டவைக்கவேண்டாம். அது தானாக வரும் நாளில் வரட்டும். உள்ளே ஒன்று இருக்க வாயில் வேறொன்றைச் சொல்வதுதான் பொய். கோபத்தைக் கோபம் என்று சொல்கிற ஜெபம் எப்படிப் பொய்யாகும்? 88-ம் சங்கீதத்தைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது நம்பிக்கைக்கோ ஸ்தோத்திரத்துக்கோ வந்துவிடும். அது கடைசி வசனம்வரை இருட்டிலேயே நிற்கிறது. அதையும் வேதத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

யோபுவை உங்களுக்கு யாராவது உதாரணம் காட்டியிருப்பார்கள். “கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்” என்று துக்கவீட்டில் சொல்லாத ஆள் இல்லை. நாம் பிரசங்கம் பண்ணுவது யோபுவின் முதல் இரண்டு அதிகாரமும், எல்லாம் இரட்டிப்பாய்த் திரும்பக் கிடைத்த 42-ம் அதிகாரமும்தான். நடுவில் 39 அதிகாரம் இருக்கிறது. 3-ம் அதிகாரத்திலேயே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதன்பிறகு, நான் என்ன தப்புச் செய்தேன் சொல்லும் என்று தேவனையே வழக்குக்கு இழுக்கிறார். கூட இருந்த நண்பர்கள், நீ பாவம் செய்திருப்பாய், தாழ்த்திக்கொள், ஒப்புக்கொடு என்று அழகழகாய்ப் பேசுகிறார்கள். கடைசியில் தேவன் யாரைக் கடிந்துகொள்கிறார்? என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று அந்த நண்பர்களைத்தான். “அவர் என்னைக் கொன்றுபோட்டாலும், அவர்மேல் நம்பிக்கையாயிருப்பேன்” என்று 13-ம் அதிகாரத்தில் யோபு சொன்னது எல்லாருக்கும் மனப்பாடம். அதே வசனம் அங்கே முடியவில்லை: “ஆனாலும் என் வழிகளை அவருக்கு முன்பாக ரூபகாரப்படுத்துவேன்.” நம்புவதும் நியாயம் கேட்பதும் ஒரே வசனத்தில், ஒரே வாயில்.

நீங்கள் இருவரும் ஆசாரிபள்ளம் போகிற பஸ் தக்கலை தாண்டினால் புலியூர்க்குறிச்சி வரும். அங்கே உதயகிரிக் கோட்டைக்குள்தான் டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்டவர்மாவின் படைக்கே தளபதியானவர். பத்மநாபபுரத்தில் அரசாங்க வேலையிலிருந்த நட்டாலம் நீலகண்டபிள்ளை, அடுக்கடுக்காய் நஷ்டம் வந்து மனம் உடைந்திருந்த சமயத்தில், டிலனாய் அவருக்குச் சொன்னது யோபுவின் கதை. அதைக் கேட்டுத்தான் அவர் 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். 2022-ல் ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டவர். கத்தோலிக்கருடைய புனிதர் என்று நாம் ஒதுக்கவேண்டாம், அவர் நம் மாவட்டத்து ஆள்.

இதில் நான் அடிக்கடி யோசிப்பது ஒன்று உண்டு. யோபுவின் கதையைக் கேட்டு விசுவாசத்துக்கு வந்தவருக்கு யோபுவின் முடிவு கிடைக்கவில்லை. ஆடுமாடு இரட்டிப்பாகவில்லை. 1749-ல் கைது, அப்புறம் மூன்று வருஷச் சித்திரவதை, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராய்க் கொண்டுபோன அவமானம், 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டு. ஒப்புக்கொடுத்தால் சுகம் கிடைக்கும் என்று யாராவது உங்களிடம் கணக்குப் போட்டுச் சொன்னால், இந்த மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒப்புக்கொடுத்தல் சுகத்துக்குக் கட்டுகிற விலை இல்லை. சுகம் வரவில்லை என்றால் ஒப்புக்கொடுத்தது போதாது என்றும் அர்த்தம் இல்லை.

அவரைப் பற்றி இன்னொன்றும் கவனியுங்கள். அவர் பட்டது அவராகவே ஏற்றுக்கொண்ட பாடு. விசுவாசத்தை விட்டுவிட்டால் உயிர் பிழைக்கலாம் என்ற வழி அவருக்குத் திறந்தே இருந்தது. கெத்செமனேயிலும் அப்படித்தான். “உம்முடைய சித்தத்தின்படி ஆகக்கடவது” என்று ஆண்டவர் சொன்னது தம்முடைய பாத்திரத்தைப் பற்றி. சுகம் கேட்டு வந்த குஷ்டரோகியிடமோ குருடனிடமோ, இந்த வியாதிதான் பிதாவின் சித்தம், பொறுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ என்று அவர் சொன்னதாகச் சுவிசேஷங்களில் நான் வாசித்ததில்லை. தன் பாத்திரத்தைப் பற்றி மட்டுமே ஒருவர் சொல்லக்கூடிய ஜெபம் அது. இன்னொருவர் பாத்திரத்தைக் காட்டி, குடி, இது தேவ சித்தம் என்று சொல்லும்போது அது தீர்ப்பாகிவிடுகிறது.

வேதம் தெரிந்த ஒருவர் இதற்கு அப்போஸ்தலர் 21-ஐக் காட்டலாம். எருசலேமுக்குப் போகிற பவுலைப் பற்றி நண்பர்கள் “கர்த்தருடைய சித்தம் ஆகக்கடவது” என்றார்களே என்று கேட்கலாம். சொன்னார்கள்தான். ஆனால் போகவேண்டாம் என்று அழுது கெஞ்சின பிறகு, நான் ஆயத்தமாயிருக்கிறேன் என்று பவுலே சொன்ன பிறகு, கடைசியாகச் சொன்னார்கள். பவுல் வாய் திறக்குமுன் அவர்கள் தீர்மானிக்கவில்லை.

உங்கள் வீட்டில் “தேவ சித்தம்” என்ற வார்த்தை ஆளாளுக்குக் கைமாறுகிறது. சகோதரர் உங்கள் கணவருக்காகச் சொல்கிறார், மாமியார் உங்கள் கிட்னிக்காகச் சொல்கிறார். நீங்களும் கவனமாக இருங்கள். களைத்துப்போன ஒரு நாளில் நீங்கள் உங்கள் மகனிடம், “உனக்குக் காலேஜ் இல்லை, கர்த்தர் சித்தம் அதுதான்” என்று சொல்லிவிடக்கூடும். பணம் இல்லை என்றால் பணம் இல்லை என்று சொல்லுங்கள். அவன் அதைத் தாங்குவான்.

கிட்னி விஷயத்துக்கு வருகிறேன். பயப்படுவது பாவம் இல்லை. வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆள் நீங்கள், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், உங்களுக்கு ஏதாவது ஆனால் என்ன என்று யோசிப்பது பொறுப்புள்ள தாய் செய்வது. நம் நாட்டில் உயிரோடிருக்கும்போதே உறுப்பு கொடுக்கிறவர்களில் பெண்கள்தான் அதிகம். அன்பினால் கொடுப்பவர்கள் பலர். வேண்டாம் என்று சொல்ல இடம் இல்லாததால் கொடுப்பவர்களும் அவர்களில் உண்டு. ஆண்டவர் தம் ஜீவனைப் பற்றி, “ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்” என்றார். கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம் என்ற இரண்டு வழியும் உங்களுக்குத் திறந்திருந்தால்தான் நீங்கள் கொடுப்பது காணிக்கை. நம் சட்டமும் அதைத்தான் கேட்கிறது. கொடுப்பவரின் முழுச் சம்மதம் இல்லாமல் எந்த மருத்துவமனையும் எடுக்கக்கூடாது.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். உங்கள் கணவருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைக்கலாமா என்பதையே டாக்டர் இன்னும் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைக் கேளுங்கள். ஆகும் என்றால், மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து பெறுவதற்கான அரசுப் பட்டியலில், டிரான்ஸ்டான் என்பார்கள், அவர் பெயரைப் பதிவு செய்வது எப்படி என்று மருத்துவமனையிலேயே கேளுங்கள். அதில் காத்திருப்பு நீளும், ஆனாலும் பெயர் இருக்கட்டும். உயிரோடு கொடுப்பதில் சட்டம் நெருங்கிய உறவு என்று ஏற்றுக்கொள்வது மனைவியை மட்டும் இல்லை. பெற்றோர், உடன்பிறந்தவர்கள் எல்லாரும் அதில் வருவார்கள். உங்களைக் கேட்கிற நாத்தனாரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார் என்பதைச் சண்டையில்லாமல், ஒரு தகவலாக, டாக்டர் வாயாலேயே எல்லாரும் கேட்கட்டும்.

நீங்கள் பரிசோதனைக்குப் போவதானால், பரிசோதனைக்குச் சம்மதிப்பது கொடுக்கச் சம்மதிப்பது ஆகாது. எந்தக் கட்டத்திலும் வேண்டாம் என்று சொல்லலாம். கொடுத்த பிறகு எத்தனை நாள் பாரமான வேலை கூடாது, பால் வெட்டு எப்போது தொடங்கலாம், பின்னாளில் உங்களுக்குப் பிரஷர் வந்தால் என்ன என்றெல்லாம் குறித்துக்கொண்டு போய்க் கேளுங்கள். அங்கே உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் இருப்பார். அவரோடு தனியாகப் பேசவேண்டும் என்று கேளுங்கள், மாமியார் வெளியே இருக்கட்டும். மனதில் உள்ளதைச் சொல்லுங்கள். எனக்கு விருப்பமில்லை என்று நீங்கள் சொன்னால், வீட்டில் பிரச்சினை வராதபடி எப்படித் தெரிவிப்பது என்பது அவர்களுக்குத் தெரியும். எல்லாம் கேட்ட பிறகு கொடுக்கலாம் என்று உங்களுக்கே தோன்றினால் சந்தோஷமாய்க் கொடுங்கள், உங்களுக்காக நான் ஜெபிக்கிறேன். கொடுக்கவில்லை என்றாலும் ஜெபிக்கிறேன், அதில் ஒரு அணுவும் குறையாது.

ஒப்புக்கொடுக்க ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. பரமண்டல ஜெபத்தில் “உம்முடைய சித்தம் பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோல பூமியிலேயும் செய்யப்படுவதாக” என்று சொன்ன கையோடு அடுத்த விண்ணப்பம் என்ன? “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்.” அவ்வளவு பெரிய ஒப்புக்கொடுத்தலுக்கு அடுத்ததாக இன்றைய சோறு. கணவருடைய ஆயுள், மகனுடைய படிப்பு, மகளுடைய கல்யாணம் என்று எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் தூக்கி கர்த்தர் கையில் வைக்க முயன்றால் நாக்கு வராதுதான். நாளைக்கு மழை பெய்து பால் வெட்டு இல்லாமல் போகுமா என்பது உங்கள் கையில் இல்லை. அதை மட்டும் கொடுத்துவிட்டுப் படுங்கள். செவ்வாய்க்கிழமை அவரைப் பஸ் ஏற்றுவது உங்கள் கையில் இருக்கிறது. அதைக் கர்த்தரிடம் தள்ளவேண்டாம், நீங்களே செய்யுங்கள்.

கடைசியாக, சாட்சி. இப்போது வேண்டாம். முடிந்துபோனதைப் பற்றித்தான் சாட்சி சொல்ல வரும், நீங்கள் இன்னும் அதன் நடுவில் நிற்கிறீர்கள். கட்டாயப்படுத்தினால் கேட்கிறவர்களுக்குப் பிடித்த மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து இன்னும் அதிகமாக உங்களையே வெறுப்பீர்கள். அதற்குப் பதிலாக ஐக்கிய சங்கத்தில் எழுந்து ஒரு உதவி கேளுங்கள். செவ்வாய், வியாழன், சனி இந்த மூன்று நாளில் ஒரு நாளாவது, அங்குள்ள பெண்களின் வீட்டு ஆண்களில் யாராவது உங்கள் கணவரோடு ஆசாரிபள்ளம் போய்த் துணைக்கு இருந்துவிட்டு வரமுடியுமா என்று கேளுங்கள். எங்களுக்காக ஜெபியுங்கள் என்று பொதுவாகச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். கிழமை சொல்லிக் கேட்டால்தான் யாராவது ஒருவர் கை தூக்குவார். வியாழக்கிழமைக்கு மட்டும் ஒருவர் கிடைத்தாலும் போதும், அன்றைக்குப் பால் வெட்டி முடித்து வந்து நீங்கள் கொஞ்சம் தூங்கலாம்.